ரோஸ்ட் அக்காவை ரோஸ்ட் செய்த நாள்

எங்கள் கம்பெனியில் ரோஸ்ட் என்ற சொல்லுக்கு வெகுகாலம் ஒரே அர்த்தம்தான் இருந்தது. பச்சைக் காபிக் கொட்டையை இரும்பு உருளையில் போட்டு வறுப்பது. லைட் ரோஸ்ட், மீடியம் ரோஸ்ட், டார்க் ரோஸ்ட். இந்த மூன்றையும் இருபத்திரண்டு வருஷம் செய்துவந்தவருக்கு ரோஸ்ட் அக்கா என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்கா திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

உருளைக்குள் ஒரு தடவைக்கு முப்பது கிலோ கொட்டை போகும். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம். முதலில் வைக்கோல் வாசனை வரும், பிறகு சுட்ட ரொட்டி வாசனை, அதற்கப்புறம் கொட்டை படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில் பத்து விநாடி முன்னே பின்னே போனாலும் முப்பது கிலோவும் வேறு சரக்காகிவிடும். உருளையின் முகப்பில் ஒரு நீளக் கரண்டி செருகியிருக்கும். அக்கா அதை உருவி, மூக்கருகில் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். “ம்” என்பார். கைப்பிடியைத் தட்டுவார். கொட்டை சரசரவென்று ஆறவைக்கும் தட்டில் வந்து விழும்.

நான் அங்கே ருசி பார்ப்பவள். அக்கா வறுத்த ஒவ்வொரு தடவைச் சரக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சிப் பார்த்துத் துப்பி, நோட்டில் குறிப்பு எழுதுவேன். என் நாக்கும் அக்காவின் மூக்கும் சேர்ந்துதான் கம்பெனியைத் தாங்குகின்றன என்று முதலாளியம்மா விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. நானும் அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப் போவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாதது இது: காய்ச்சல் விட்ட நாலாம் நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு, அதற்கு இரண்டடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, “என்னங்க, தீய்ஞ்சு தெருவே நாறுது, நீங்க நிம்மதியா துணி மடிக்கிறீங்க?” என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தாராம். பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. சோப்பை எடுத்து முகர்ந்தார். வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தார். கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை. டாக்டர், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஐந்தாறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் நர்ஸ் படிப்புக்காக ஹாஸ்டலில் இருந்தாள். இருவரிடமும் அக்கா சொல்லவில்லை. மகள் முதல் உதவித்தொகையில் ஒரு சென்ட் பாட்டில் வாங்கிவந்து கொடுத்தபோது, மணிக்கட்டில் தடவி முகர்ந்து, “நல்லா இருக்குடி” என்றாராம். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். வாசனை தெரியாத ஆளை யார் உருளைக்கு முன்னால் நிறுத்துவார்கள்?

ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னார். பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளரிடம். அவள் பெயர் ரேடியோ. காலையில் கேட்டுக்குள் நுழைந்தால் மாலையில் வெளியே போகும்வரை வாய் மூடாது என்பதால் வந்த பெயர். பத்தொன்பது வருஷ சிநேகிதம். ரேடியோவிடம் போய் யாராவது ரகசியம் சொல்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இரண்டு வருஷம் அவள் மூச்சுவிடவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

அதன்பிறகு அக்கா காதாலும் கண்ணாலும் கடிகாரத்தாலும் வறுத்தார். வெடிக்கும் சத்தம் எப்போது நெருக்கமாகிறது, எப்போது அடங்குகிறது, கரண்டியில் கொட்டையின் நிறம் எந்தப் பழுப்பில் இருக்கிறது என்று பார்த்தார். பழக்கதோஷத்தில், அல்லது மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக, கரண்டியை மூக்கருகில் கொண்டுபோய் “ம்” என்பதை மட்டும் விடவில்லை. ஒரு தடவைச் சரக்குகூடத் திரும்பி வரவில்லை.

இந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பொறுப்பேற்றவள், எச்.ஆர். பிரிவுக்குப் புதிதாக வந்த சிறு பெண். ஒரு நாள் வறுக்கும் கூடத்துக்கு வந்து, காதைப் பொத்திக்கொண்டு, சத்தமாகக் கேட்டாள்.

“அக்கா, விழாவுல உங்களை ரோஸ்ட் பண்ணலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?”

“என்னையா? தாராளமா பண்ணுங்க. இருபத்திரண்டு வருஷமா நான் பண்ணேன், ஒரு நாள் நீங்க பண்ணுங்களேன்.”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா செம நகைச்சுவைக்காரர் என்று எல்லாரிடமும் சொன்னாள். நானும் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். அந்தச் சொல்லுக்கு இப்போது ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் என் பையன் ஃபோனில் நாள்பூரா அதைத்தான் பார்க்கிறான். ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவோ, தன்னை மேடையேற்றித் தன் வேலையைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்காரரை லீவு போடச் சொன்னார். அவர் புதுச் சட்டை எடுத்தார். மகளுக்கு, ‘என்னை ரோஸ்ட் பண்றாங்களாம், வந்துடு’ என்று செய்தி அனுப்பினார். அவள் ‘சூப்பர்மா’ என்று சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு அனுப்பினாள். அம்மா இவ்வளவு தாராள மனசுக்காரி ஆகிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டாளாம்.

சனிக்கிழமை மதியம் விழா. வாடகை மண்டபம். மேடை நடுவில் சிவப்பு மெத்தை போட்ட ஒரு நாற்காலி. அக்கா அதில் உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். முன்வரிசையில் முதலாளியம்மா, அவருக்குப் பக்கத்தில் அக்காவின் குடும்பம். நான் நாலாவது வரிசை.

முதலில் மெக்கானிக் வந்து மைக்கைப் பிடித்தான்.

“எனக்கு ரெண்டு சத்தம் கேட்டா வயித்தைக் கலக்கும். ஒண்ணு, மெஷின் நிக்கிற சத்தம். இன்னொண்ணு, அக்கா ‘ஏம்ப்பா, இங்க வா’ங்கிற சத்தம். மெஷினையாவது ஆஃப் பண்ணலாம்!”

மண்டபம் அதிர்ந்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் கண் எச்.ஆர். பெண்ணைத் தேடியதை நான் பார்த்தேன். அடுத்து ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து அக்காவின் நடையை நடித்துக் காட்டினார். வாத்து நடை. அக்காவுக்கு ஒரு காலில் மூட்டுவலி. அதற்கும் சிரிப்பு. இப்போது அக்காவின் உதடு மட்டும் சிரித்தபடி இருந்தது, ஒட்டவைத்ததுபோல. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த நிமிஷம்தான் எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு இது என்னவென்றே தெரியாது. தெரியாமலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போய் நிறுத்தியிருக்க வேண்டும். நான் எழவில்லை.

கடைசியாக ரேடியோ வந்தாள். கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். அவளைப் பார்த்ததும் அக்கா முகத்தில் ஒரு தெம்பு வந்தது. நம்ம ஆள் வந்துவிட்டாள், சமாளித்துவிடுவாள் என்பதுபோல.

“எல்லாரும் சொல்றீங்க, ரோஸ்ட் பண்ண மூக்கு வேணும்னு. யார் சொன்னது? எங்க அக்கா ரெண்டு வருஷமா மூக்கே இல்லாமதான் வறுத்துக்கிட்டு இருக்கா! ஒரு வாசனையும் தெரியாது! அப்போ அந்த மூக்கு எதுக்குன்னு கேக்கறீங்களா? கண்ணாடி நிக்க!”

சிரிப்பு. நானும் சிரித்தேன். அதை மறைக்கப்போவதில்லை. வழக்கமான மிகைப்படுத்தல் என்று நினைத்தேன்.

“போன மாசம் சருகுப் பெட்டி புகையுது. அம்பது அடி தள்ளி நான் இருமறேன். பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அக்கா ஃபோன்ல மகளுக்குத் தலைவலி மருந்து சொல்லிக்கிட்டு இருக்கா! ‘அக்கா, பெட்டி பீடி குடிக்குதுக்கா’ன்னேன். ‘போடி லூசு’ன்னுட்டா!”

கொட்டை வறுபடும்போது மேலே இருக்கும் மெல்லிய தோல் உதிரும். அதைத்தான் சருகு என்போம். காற்று அதை ஒரு குழாய் வழியாக இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் சேர்க்கும். காய்ந்த சருகு. ஒரு பொறி போதும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பின்வரிசைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. முன்வரிசை நின்றுவிட்டது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். சிரிப்பு முன்னாலிருந்து பின்னாலாக ஒவ்வொரு வரிசையாய் அணைந்தது. ரேடியோவின் கை மைக்கோடு அப்படியே நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

எச்.ஆர். பெண் பதறிப்போய்ப் பரிசுக் கேடயத்தை எடுத்துவந்து அக்கா கையில் திணித்தாள். யாரோ கைதட்டினார்கள். இரண்டு கை, நாலு கை. முதலாளியம்மா மேடையருகே வந்து, “திங்கக்கிழமை காலையில என்னை வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நடந்ததை மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். வண்டியில் அக்கா கேட்டாராம்.

“ரோஸ்ட்னா என்னடி?”

“கலாய்க்கிறதும்மா. நடுவுல உக்காரவச்சு எல்லாரும் ஓட்டுவாங்க. உனக்குத் தெரியாதா?”

“எனக்கு வறுக்கிறதுதான் தெரியும்.”

“எனக்கு சிக்கன் ரோஸ்ட்தான் தெரியும்” என்றார் அப்பா. ஒருவரும் சிரிக்கவில்லை.

“பிடிச்சவங்களைத்தாம்மா ரோஸ்ட் பண்ணுவாங்க” என்றாள் மகள். “அது ஒரு மரியாதை மாதிரி.”

“பிடிச்சவங்களையா?” என்று அக்கா திரும்பக் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சற்றுப் பொறுத்து மகள் தாழ்ந்த குரலில், “அப்போ அந்த சென்ட்டு?” என்றாள். அக்கா மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. ரேடியோ விடியற்காலையிலேயே எனக்கு ஃபோன் செய்து அழுதாள். அக்கா வீட்டுக்குத் தனியாகப் போகப் பயம், நீயும் வா என்றாள். போனோம். இரண்டாவது மாடியில் இரண்டே அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே அக்காவின் வீட்டுக்காரர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டியில் புது மின்சார அடுப்பு.

எங்களைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. குழாயைச் சுருட்டியபடி, அக்காவிடம் சொன்னார்: “ரெண்டு வருஷம் நான் ரோட்டுல தூங்கறேன்னு நீ கவலைப்பட்டே. நீ இங்க வெடிகுண்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கே.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நேற்றைய சேலையையே மாற்றவில்லை. ரேடியோவைப் பார்த்து, “ஏன் வந்தே?” என்றார்.

“அக்கா, என்னைச் செருப்பால அடி.”

“அடிச்சா மட்டும்? நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன். பெத்த பொண்ணுகிட்ட சொல்லலை, கட்டினவர்கிட்ட சொல்லலை. நீ அதை மைக்குல சொன்னியே. சிரிச்சுக்கிட்டே சொன்னியே!”

“வேற எப்படி சொல்லுவேன்? ஜோக்கா சொன்னாத்தான் எனக்கு வார்த்தை வரும். அந்தப் பெட்டி புகைஞ்ச அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைக்கா. பெட்டிக்கு அந்தப் பக்கம்தானே நாங்க பதினோரு பொம்பளைங்க உக்காந்திருக்கோம்.”

“தனியா வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன்” என்றாள் ரேடியோ. “‘பெட்டி பீடி குடிக்குது’ன்னு சொன்னேன். ‘உன் மூக்கை எந்தக் கடையில அடகு வச்சே, போய் மீட்டுக்கிட்டு வா’ன்னு சொன்னேன். ‘ஒரு நாள் எங்களையெல்லாம் டார்க் ரோஸ்ட் ஆக்கப்போறே’ன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ சிரிச்சே.”

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. நேற்று மேடையில் பார்த்த முகம் அல்ல இது. அதைவிட மோசமாக இருந்தது. சொன்னது அத்தனையும் நினைவுக்கு வந்துவிட்டது என்று பார்த்த உடனே தெரிந்தது. ரேடியோ சொன்னதெல்லாம் ரேடியோத்தனம் என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொட்டையின் வெடிப்பை மட்டும் விநாடி தவறாமல் கேட்ட காது.

“இருந்தாலும் மைக்குல சொல்லியிருக்க வேண்டாம்” என்றார் கடைசியில். “வேண்டாம்தான்” என்றாள் ரேடியோ. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அக்கா கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளியம்மா அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. நேராக வறுக்கும் கூடத்துக்கு அழைத்துப்போனார். என்னையும் வரச் சொன்னார். மெக்கானிக் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். சருகுப் பெட்டியையும் அதிலிருந்து கூரைவரை போகும் குழாயையும் ஞாயிற்றுக்கிழமையே கழற்றி வைத்திருந்தார்கள். அவன் டார்ச் அடித்துக் காட்டினான்.

உள்ளே கரி. பெட்டியின் ஓரத்தில் மட்டுமல்ல, குழாய் நெடுக, மேல் வளைவுவரை. தகரம் நீலம் பாரித்து நெளிந்திருந்தது. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் மரச்சட்டம் ஒன்று ஒரு விரல் ஆழத்துக்குக் கருகியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு மறுபக்கம்தான் பேக்கிங் பெண்கள் சாப்பிடும் அறை.

“இது எப்போ?” என்று அக்கா கேட்டார்.

“ஒரு நாள்ல வந்ததில்லைக்கா. அஞ்சாறு தடவை பத்திக்கிட்டு தானா அணைஞ்சிருக்கு. நம்ம நல்ல நேரம்.”

“மாசா மாசம் சுத்தம் பண்றதா கையெழுத்து போட்டிருக்கியேப்பா?” என்றார் முதலாளியம்மா. மெக்கானிக் ஏணியிலேயே தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் அந்தக் கருகிய சட்டத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “பதினோரு பேர்” என்றார். பிறகு மறுபடியும், “பதினோரு பேர்.” வேலை போய்விடுமோ என்று இரண்டு வருஷம் பயந்தவர், அன்றைக்கு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். “ரெண்டு வருஷமா நீங்க ருசி பார்த்தீங்களே, ஒண்ணும் தெரியலையா?”

“தெரிய ஒண்ணும் இல்லைம்மா. சரக்கு சரியாத்தான் இருந்தது.”

அது உண்மை. அன்று போய் என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அக்காவின் மூக்கு போன மாதம் எது என்று என் குறிப்புகளைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. முன்னாலும் ‘நன்று’, பின்னாலும் ‘நன்று’. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டி கனன்ற நாட்களிலும் ‘நன்று’ என்றுதான் எழுதியிருந்தேன்.

அக்காவை வேலையிலிருந்து நீக்கவில்லை. நான்கு மாதம் பச்சைக் கொட்டைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே மூட்டை பிரித்து, கல்லும் சொத்தைக் கொட்டையும் பொறுக்கினார். அவர் இடத்தில் நின்ற ஆளுக்கு மூக்கு நன்றாகவே இருந்தது. ஆனாலும் முதல் மாதத்தில் ஏழு தடவைச் சரக்கு கெட்டது. இதைச் சொன்னபோது அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “பாவம், வெடிக்கிறப்போ ஃபேன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லு” என்றார்.

புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தினார்கள். பெட்டியைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும், உருளைக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஐந்தாவது மாதம் அக்கா திரும்பி வந்தார். முதல் நாள் நீளக் கரண்டியை உருவினார். மூக்கருகில் கொண்டுபோகவில்லை. வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தார். காதைச் சாய்த்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம், “வாசனை எப்படி இருக்கு?” என்று கேட்டார். அவர் சொன்ன பிறகு கைப்பிடியைத் தட்டினார். அந்தக் கேள்வியை எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேட்க அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் காது மடல் சிவந்திருந்தது.

ரேடியோவோடு அந்த நான்கு மாதமும் பேச்சில்லை. வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து, மதியம் பேக்கிங் பெண்கள் சாப்பிடும் அறைக்கு அக்கா தானாகவே வந்து, ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ரேடியோ அன்று முழு மதியமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பெனி வரலாற்றில் அது ஒன்றுதான் அப்படிப்பட்ட மதியம்.

இப்போது பழையபடி சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் முன்புபோல் உடைமாற்றும் அறையில் குசுகுசுப்பு கிடையாது. அக்கா மனசில் ஏதாவது இருந்தால் வெளியே போய், சுவரோரம் நின்று, எந்த நெடுஞ்சாலையிலோ லாரியை ஓரம்கட்டியிருக்கும் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்துவிடுகிறார். ரேடியோ அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.